வீடில்லாத மாணவர்களும் அமெரிக்கப் பள்ளியும்: புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்கப் பொதுப் பள்ளிகளில் அலுவலக உதவியாளராக, மாற்று ஆசிரியராக, வகுப்பறை உதவியாளராக, மதிய உணவு நேரத் தன்னார்வலராகச் சேரும் தமிழர்கள் இப்போது நிறையப் பேர். சேர்ந்ததும் கிடைக்கும் பயிற்சியில், தீ எச்சரிக்கை மணி அடித்தால் எந்த வாசல் வழியாகப் போவது, நிலக்கடலை ஒவ்வாமை உள்ள பிள்ளைக்கு என்ன செய்வது என்பதெல்லாம் விவரமாகச் சொல்லித் தருவார்கள். வீடில்லாத மாணவர்கள் பற்றி ஒரே ஒரு ஸ்லைடு வந்து போகும். அதில் ஒரு சட்டத்தின் பெயரும் ஒரு தொலைபேசி எண்ணும் இருக்கும். அந்த இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்யலாம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சட்டத்தின் பெயர் மெக்கின்னி-வென்டோ. 1987 ஜூலையில் அதிபர் ரீகன் கையெழுத்திட்டது. கனெக்டிகட்டைச் சேர்ந்த குடியரசுக் கட்சி உறுப்பினர் ஸ்டூவர்ட் மெக்கின்னியின் பெயரில் தொடங்கியது. 2000-இல் மினசோட்டாவின் ஜனநாயகக் கட்சி உறுப்பினர் புரூஸ் வென்டோவின் பெயரும் சேர்ந்துகொண்டது. பள்ளிக் கல்வி பற்றிய பகுதியைக் கடைசியாக 2015 டிசம்பரில் பெரிய அளவில் திருத்தினார்கள். இந்தச் சட்டப்படி ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் (ஒரு பகுதியின் பொதுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்பு) வீடில்லாத மாணவர்களுக்கென்று ஒரு பொறுப்பாளரை நியமித்தே ஆக வேண்டும். அவரை 'லயசான்' என்பார்கள். ஸ்லைடில் இருந்த எண் அவருடையது. அதை இன்றே உங்கள் கைபேசியில் ஏற்றிக்கொள்ளுங்கள், அதுதான் முதல் படி. சின்ன மாவட்டங்களில் அவர் வேறு நாலு வேலைகளோடு இதையும் சேர்த்துப் பார்ப்பவராக இருப்பார். அதனால் மின்னஞ்சல் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம், கூப்பிட்டுப் பேசுங்கள்.

யாரைத் தேடுகிறோம்

வீடில்லாதவர் என்றதும் நடைபாதையில் கூடாரம் போட்டிருப்பவரின் முகம்தான் மனதில் வரும். பள்ளிகளின் கணக்கு வேறு. 2022-23 கல்வியாண்டில் அமெரிக்கப் பொதுப் பள்ளிகள் அடையாளம் கண்ட வீடில்லாத மாணவர்கள் சுமார் 13.7 லட்சம் பேர். இவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கினர் வேறொருவர் வீட்டில் ஒண்டியிருந்தவர்கள். மீதிப் பேரில்தான் தற்காலிக விடுதி, மோட்டல், கார், பூங்கா எல்லாம் வருகின்றன. நியூயார்க் நகரத்தில் மட்டும் 2023-24-இல் 1,46,000 மாணவர்களுக்கு மேல், அதாவது எட்டுப் பேரில் ஒருவர், இப்படி இருந்திருக்கிறார்கள்.

சட்டம் மூன்று கேள்விகள் கேட்கிறது. பிள்ளை இரவில் தங்கும் இடம் நிலையானதா? நாள்தோறும் அங்கேயே போய்ப் படுக்க முடிகிறதா? மனிதர் வாழப் போதுமானதா? மூன்றில் ஒன்றுக்கு 'இல்லை' என்று பதில் வந்தாலும் அந்தப் பிள்ளைக்குச் சட்டத்தின் பாதுகாப்பு கிடைக்கலாம். வீட்டை இழந்ததாலோ பணக் கஷ்டத்தாலோ பிறரோடு தங்கியிருப்பவர்கள், வேறு வழியில்லாமல் மோட்டலிலோ முகாம் மைதானத்திலோ இருப்பவர்கள், தற்காலிக விடுதிகளில் இருப்பவர்கள், காரிலும் பேருந்து நிலையத்திலும் தூங்குபவர்கள், தண்ணீரோ மின்சாரமோ இல்லாத இடிந்த வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் இதில் அடக்கம்.

நம் ஊரிலிருந்து வந்தவர்கள் தடுமாறுகிற இடம் இந்தப் 'பிறரோடு தங்குதல்'தான். சித்தப்பா வீட்டில் தங்கிப் படித்தவர்கள், அத்தை வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போனவர்கள் நம்மில் எத்தனையோ பேர். அதனால் ஒரு அம்மா வந்து "அக்கா வீட்டில் இருக்கிறோம்" என்றால், சரி, இருக்க இடம் இருக்கிறதே என்று விட்டுவிடுகிறோம். விருப்பப்பட்டு, வாடகையைப் பகிர்ந்து, இரண்டு குடும்பமும் இதுதான் நம் வீடு என்று இருந்தால் அது கூட்டுக் குடித்தனம். வாடகை கட்ட முடியாமல் வெளியேற்றப்பட்டு, வரவேற்பறைத் தரையில் நாலு பேர் படுத்துக்கொண்டு, அடுத்த மாதமும் இருக்கலாமா என்பது அக்காவின் கணவர் மனநிலையைப் பொறுத்தது என்றால், அது வீடில்லாத நிலை. எத்தனை மாதம் அப்படி இருக்கலாம் என்று சட்டம் காலக்கெடு எதுவும் வைக்கவில்லை. ஒரு வருடம் ஆகிவிட்டது என்பதற்காகப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட முடியாது.

வருமான வரம்பும் கிடையாது. காட்டுத்தீயில் வீடு எரிந்து நண்பர் வீட்டில் தங்கியிருக்கும் வசதியான குடும்பத்தின் பிள்ளைக்கும் இது பொருந்தலாம். 2018-இல் கலிஃபோர்னியாவின் பாரடைஸ் ஊர் எரிந்தபோதும், 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் தீ பரவியபோதும், அதுவரை இந்தச் சட்டத்தைக் கேள்விப்பட்டே இராத குடும்பங்களுக்குத்தான் இது தேவைப்பட்டது. குடியேற்ற நிலையும் தடையில்லை. ஆவணம் இல்லாத பிள்ளைக்கும் பள்ளிக் கல்வி உண்டு என்று 1982-இலேயே உச்ச நீதிமன்றம் பிளைலர் வழக்கில் சொல்லிவிட்டது. கணவரின் விசாவைச் சார்ந்து வந்து, அடி தாங்க முடியாமல் பிள்ளைகளோடு பெண்கள் காப்பகத்துக்குப் போன ஒரு தமிழ் அம்மாவுக்கும் இது முழுதாகப் பொருந்தும். அவர் தாமாக வந்து சொல்லமாட்டார். நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்ற பயம் அவருக்கு இருக்கும்.

வீட்டுவசதித் துறையின் வரையறை இதைவிடக் குறுகலானது. பிறர் வீட்டில் ஒண்டியிருப்பவர்களை அது பெரும்பாலும் கணக்கில் சேர்ப்பதில்லை. அதனால் "எங்களுக்கு வீட்டு உதவி கிடைக்காது என்று சொல்லிவிட்டார்களே, அப்படியென்றால் நாங்கள் அதில் வரமாட்டோம்தானே?" என்று பெற்றோர் கேட்பார்கள். பள்ளி விஷயத்தில் அந்தப் பதில் செல்லாது என்று உடனே சொல்லிவிடுங்கள்.

அறிகுறிகள் அலுவலகத்தில்தான் முதலில் தெரியும்

அழுக்குச் சட்டை, பசி, வகுப்பில் தூக்கம் என்று பயிற்சிக் கையேடுகளில் ஒரு பட்டியல் இருக்கும். தவறில்லை. ஆனால் அதை மட்டும் நம்பினால் பாதிப் பேரைத் தவறவிடுவோம். வீடில்லாத பிள்ளைகளில் பலர் மற்றவர்களைவிடச் சுத்தமாக வருவார்கள். யாருக்கும் சந்தேகம் வரக்கூடாது என்பதில் அவர்களுக்குப் பெரிய கவனம் உண்டு.

காகிதமும் கணினியும் அதைவிட வெளிப்படையாகப் பேசும். ஒரே முகவரியில் வெவ்வேறு குடும்பப் பெயர்களோடு மூன்று மாணவர்கள் பதிவாகியிருக்கிறார்களா? முகவரி ஒரு மோட்டலுடையதா? உங்கள் பகுதி மோட்டல்கள், விடுதிகளின் முகவரிகளை ஒரு தாளில் எழுதி மேசையில் வைத்துக்கொண்டால் பார்த்ததும் தெரிந்துவிடும். வீட்டுக்கு அனுப்பிய கடிதம் திரும்பி வருகிறதா? அவசரத் தொடர்பு எண் மாதத்துக்கு ஒருமுறை மாறுகிறதா? இரண்டு வருடத்தில் நாலு பள்ளி மாறியிருக்கிறதா? பேருந்து நிறுத்தத்தை மாற்றச் சொல்லி அடிக்கடி கோரிக்கை வருகிறதா? இவற்றில் எதுவும் தனியாக எதையும் நிரூபித்துவிடாது. இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் பேசிப் பார்க்கலாம்.

வருகைப் பதிவேட்டையும் பாருங்கள். பள்ளி நாட்களில் 10 சதவீதமோ அதற்கு மேலோ வராமலிருந்தால் அதைத் தொடர் வராமை என்று கணக்கிடுவார்கள். 180 நாள் வருடத்தில் அது 18 நாள், மாதத்துக்கு இரண்டு நாள்தான். வீடில்லாத பிள்ளைகள் இந்தக் கணக்கில் அதிகமாகவே சிக்குகிறார்கள். வராமை பற்றிய எச்சரிக்கைக் கடிதம் தானாக அச்சாகிப் பழைய முகவரிக்குப் போவதற்கு முன் ஒரு ஃபோன் போடுங்கள்.

அப்புறம் பேருந்து ஓட்டுநர், உணவுக்கூடத்தில் பரிமாறுபவர், செவிலியர், காவலாளி. ஆலோசகருக்குத் தெரிவதற்கு மாதக்கணக்கில் முன்பே இவர்களுக்குத் தெரிந்துவிடும். திங்கட்கிழமை காலை யார் இரண்டு தட்டுக் கேட்கிறார்கள், யார் முதல் மணிக்கு ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்து கைபேசியைச் சார்ஜில் போடுகிறார்கள், யார் துணி, புத்தகம் எல்லாவற்றையும் ஒரே பெரிய பையில் சுமந்துகொண்டு அதை லாக்கரில் வைக்க மறுக்கிறார்கள் என்று அவர்கள் சொல்வார்கள். அவர்களிடம் கேட்பதற்குப் பெரும்பாலான பள்ளிகளில் யாருக்கும் தோன்றுவதில்லை.

எப்படிக் கேட்பது

பள்ளியில் சேரும் எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே குடியிருப்புப் படிவம் கொடுப்பது நல்ல வழக்கம். கலிஃபோர்னியாவில் 2021-இல் வந்த சட்டப்படி இது ஆண்டுதோறும் கட்டாயம். எல்லோருக்கும் கொடுத்தால்தான் யாருக்கும் குறுகுறுப்பு இருக்காது. தோற்றத்தைப் பார்த்து இவருக்கு மட்டும் என்று எடுத்து நீட்டினால் அந்தப் படிவம் வெறுமையாகவே திரும்பி வரும்.

படிவம் போதாதபோது பேச வேண்டும். கவுன்டரில் வரிசை நிற்கும்போது கேட்காதீர்கள். தனி அறை கிடைக்காவிட்டால் வராந்தா ஓரமாவது போதும். 'ஹோம்லெஸ்' என்று எடுத்த எடுப்பில் சொன்னால், "இல்லை, நாங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை" என்றுதான் பதில் வரும். நேரடியான, சாதாரணக் கேள்விகளே நல்லது. இப்போது எங்கே தங்கியிருக்கிறீர்கள்? அங்கே எப்போது வந்தீர்கள், முன்பிருந்த இடத்தை விட்டு ஏன் வர வேண்டியதாயிற்று? வாடகை ஒப்பந்தம் யார் பெயரில் இருக்கிறது? வீட்டுச் சாவி உங்களிடம் இருக்கிறதா? பிள்ளைகள் எங்கே படுக்கிறார்கள்? அந்த வீட்டார் போகச் சொன்னால் எங்கே போவீர்கள்? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் பெரும்பாலும் முடிவைச் சொல்லும்.

கேட்பதற்கு முன்னாலேயே ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். "இடம் மாறியிருந்தால் பேருந்து, மதிய உணவு, கட்டணம் இதிலெல்லாம் பள்ளி உதவி செய்ய வேண்டும் என்று சட்டம் இருக்கிறது, அதற்காகத்தான்" என்றால் போதும். வந்திருப்பவர் நம் ஊர்க்காரராக இருந்தால் பதில் சுற்றி வளைத்துத்தான் வரும். "சொந்தக்காரங்க வீட்டுல இருக்கோம், கொஞ்ச நாள்தான்" என்பார். அவசரப்படுத்தாமல், "சரிங்கம்மா, இருக்கட்டும். நீங்க தனி வீடு பார்த்துப் போற வரைக்கும் பையனுக்கு பஸ் ஏற்பாடு பண்ணித் தர முடியும், வேணுங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். உதவியிலிருந்து பேச்சைத் தொடங்கினால் விவரம் பின்னாலேயே வந்துவிடும்.

துப்பறியும் வேலை வேண்டாம். வீட்டு உரிமையாளரைக் கூப்பிட்டு "உங்கள் வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள்?" என்று விசாரித்தால், ஒண்டியிருக்கும் குடும்பமும் அடைக்கலம் கொடுத்த குடும்பமும் சேர்ந்தே தெருவுக்கு வரலாம். ஒரு மாணவரின் தங்குமிட விவரம் சட்டப்படி அவருடைய கல்வி ஆவணத்தின் பகுதி. யாருக்கும் கொடுக்கலாம் என்ற பொதுத் தகவல் பட்டியலில் அதைச் சேர்க்க முடியாது. உரிமையாளர் கேட்டாலும், பக்கத்து வகுப்பு ஆசிரியர் ஆர்வத்தில் கேட்டாலும், உங்கள் தமிழ்ச் சங்கத் தோழி கேட்டாலும் ஒரே பதில்தான். வன்முறைக்குப் பயந்து வந்த குடும்பம் என்றால் இரட்டிப்புக் கவனம் தேவை. பல மாநிலங்களில் முகவரியை மறைத்துவைக்கும் அரசுத் திட்டம் உண்டு, லயசானிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளை உங்களிடமே வந்து சொல்லிவிட்டால்? கேட்டுக்கொள்ளுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று மட்டும் சத்தியம் செய்யாதீர்கள். லயசானிடம் சொல்லியாக வேண்டும், அது எதற்கு என்று அந்தப் பிள்ளையிடமே விளக்கிவிடுங்கள். பள்ளி ஊழியர்களுக்குக் குழந்தைத் துன்புறுத்தல் பற்றிப் புகார் தெரிவிக்கும் கடமை இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். வீடில்லாமல் இருப்பது மட்டுமே துன்புறுத்தல் ஆகாது. பெற்றோர் வாய் திறக்காததற்குப் பெரிய காரணம், பிள்ளைகளைப் பிரித்துக் கொண்டுபோய்விடுவார்களோ என்ற பயம்தான்.

முதலில் சேர்த்துவிடுங்கள்

டிசி எங்கே, சாதிச் சான்றிதழ் எங்கே என்று கேட்கும் கவுன்டர்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அமெரிக்கப் பள்ளி அலுவலகமும் காகிதத்தில் நம் ஊருக்குச் சளைத்ததல்ல. மின்கட்டண ரசீது, வாடகை ஒப்பந்தம், பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, பழைய பள்ளி மதிப்பெண்கள், பாதுகாவலர் ஆவணம் எல்லாம் கேட்கும். வீடில்லாத மாணவர் விஷயத்தில் இவற்றில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் உடனே சேர்க்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. விண்ணப்பக் கடைசி நாள் கடந்திருந்தாலும், பழைய பள்ளியில் அபராதமோ கட்டணமோ பாக்கியிருந்தாலும் அப்படித்தான். சேர்த்தல் என்றால் பெயரை எழுதிக்கொண்டு அனுப்பிவிடுவது இல்லை, பிள்ளை வகுப்புக்குப் போய் உட்கார்ந்து முழுமையாகக் கலந்துகொள்வது.

வரிசையாகச் செய்ய வேண்டியது இவ்வளவுதான். அன்றே வகுப்பில் உட்கார வையுங்கள். பழைய பள்ளிக்கு ஃபோன் செய்து ஆவணங்களைக் கேளுங்கள். அதைப் பள்ளிதான் கேட்டு வாங்க வேண்டும், பெற்றோரை அலைய விடாதீர்கள். தடுப்பூசி பற்றிச் செவிலியரிடமும் லயசானிடமும் சொல்லுங்கள். சிறப்புக் கல்வித் திட்டம், அதாவது ஐஇபி, இருந்ததா என்று பெற்றோரிடம் வாய்மொழியாகவே கேட்டு, இருந்தது என்றால் அதற்கு ஈடான உதவிகளைத் தாமதமில்லாமல் தொடங்கச் சொல்லுங்கள். மதிய உணவுக்குத் தனி விண்ணப்பம் வேண்டாம். லயசான் பிள்ளையின் பெயரைச் சமையலறை அலுவலகத்துக்கு அனுப்பினாலே இலவச உணவு தொடங்கிவிடும்.

உங்கள் மேலதிகாரியே "ஆவணம் வரட்டும், பார்க்கலாம்" என்றால் வாக்குவாதம் வேண்டாம். லயசானைக் கூப்பிட்டு இருவரையும் பேசவிடுங்கள். பிள்ளைக்குத் தகுதி உண்டா, எந்தப் பள்ளியில் சேர வேண்டும் என்பதில் பள்ளிக்கும் குடும்பத்துக்கும் கருத்து வேறுபாடு வந்தால், அது தீரும்வரை குடும்பம் கேட்கும் பள்ளியிலேயே பிள்ளை படிக்கலாம். பள்ளி தன் முடிவுக்கான காரணத்தை எழுத்தில் கொடுக்க வேண்டும், மேல்முறையீட்டு வழியையும் சொல்ல வேண்டும். வாய்மொழியாக 'முடியாது' என்று சொல்லி அனுப்புவதுதான் அதிகம் நடக்கும் மீறல். வந்தவர் பேசாமல் திரும்பிப் போய்விடுவதால் அது யார் கணக்கிலும் வருவதில்லை.

எந்தப் பள்ளி, எந்தப் பேருந்து

இடம் மாறினாலும் பிள்ளை பழைய பள்ளியிலேயே தொடரலாம். சட்டத்தில் இதை 'ஸ்கூல் ஆஃப் ஆரிஜின்' என்கிறார்கள். வீடு இருந்தபோது படித்த பள்ளி, அல்லது கடைசியாகப் படித்த பள்ளி. வீடில்லாத காலம் முழுவதும் அங்கே தொடரலாம். நடுவில் நிரந்தர வீடு கிடைத்தாலும் அந்தக் கல்வியாண்டு முடியும்வரை இருக்கலாம். பழைய பள்ளியே நல்லது என்றுதான் சட்டம் தொடங்குகிறது. குடும்பம் வேண்டாம் என்று சொன்னால், அல்லது பயண நேரம், பாதுகாப்பு, வயது போன்றவற்றை எடைபோட்டுப் பார்த்து மாற்றுவதே பிள்ளைக்கு நல்லது என்று தெரிந்தால்தான் மாற்றலாம். இது சரியான ஏற்பாடு என்பது என் கருத்து. வீடும் தெருவும் போய்விட்ட பிள்ளைக்கு மிச்சமிருக்கும் ஒரே பழகிய இடம் பள்ளி. ஆனால் தினமும் ஒன்றரை மணி நேரம் போய்வரும் ஆறு வயதுக் குழந்தைக்கும் இதையே பிடிவாதமாகச் சொல்ல முடியாது.

பழைய பள்ளிக்குப் போய்வர, பெற்றோர் கேட்டால் மாவட்டம் வாகன ஏற்பாடு செய்தே ஆக வேண்டும், மற்ற மாணவர்களுக்குப் பேருந்து இல்லாத மாவட்டமாக இருந்தாலும் சரி. குடும்பம் பக்கத்து மாவட்டத்துக்குப் போயிருந்தால் இரண்டு மாவட்டமும் பேசி முடிவு செய்ய வேண்டும். ஒத்துப்போகவில்லை என்றால் பொறுப்பையும் செலவையும் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும். பள்ளிப் பேருந்தின் வழியை மாற்றுவார்கள், நகரப் பேருந்து அட்டை தருவார்கள், பெற்றோருக்குப் பெட்ரோல் பணம் தருவார்கள், சில ஊர்களில் வாடகைக் கார் அனுப்புவார்கள். இதெல்லாம் ஓடத் தொடங்க சில நாள் ஆகும். அந்த இடைவெளியில்தான் பிள்ளை வராமல் போய்விடுகிறது. நாளைக் காலைக்கு என்ன ஏற்பாடு என்று லயசானிடம் அன்றே கேட்டுவிடுங்கள். வழி மாற்றும்போது, மோட்டல் வாசலில் ஏறும் பிள்ளை காலையில் முதலில் ஏறி மாலையில் கடைசியாக இறங்குமாறு பேருந்துப் பிரிவினரிடம் கேட்டுப் பாருங்கள். மற்ற பிள்ளைகள் கண்ணில் படாது.

வகுப்பறையில்

இங்கே பெரிய திட்டம் எதுவும் தேவையில்லை. ஆனால் சின்ன விஷயங்கள் நிறைய இருக்கின்றன. வீட்டுப்பாடத்தைப் பள்ளியிலேயே முடிக்க ஒரு மேசையும் நேரமும் ஒதுக்குங்கள். விடுதியில் இணையம் கிடைக்காது, கிடைத்தாலும் எட்டுப் பேர் ஒரே அறையில் இருப்பார்கள். புத்தகத்தின் இரண்டாவது பிரதியை வகுப்பிலேயே வையுங்கள். உடற்பயிற்சி உடை, காலணி இல்லை என்பதற்காக மதிப்பெண் குறைக்காதீர்கள். 'என் படுக்கையறையை வரைக', 'குழந்தைப் பருவப் புகைப்படம் கொண்டு வருக' போன்ற பயிற்சிகளுக்கு எப்போதும் ஒரு மாற்று வைத்திருங்கள், அதையும் எல்லோருக்கும் பொதுவாகவே கொடுங்கள். தண்டனையாக இடைவேளையைப் பறிக்காதீர்கள். ஓடி விளையாட அந்தப் பிள்ளைக்கு வேறு இடமே இல்லாமல் இருக்கலாம்.

தின்பண்டத்தைப் பைக்குள் பதுக்குகிற பிள்ளையைக் கண்டால் அதட்ட வேண்டாம். வெள்ளிக்கிழமை மதியம் சிடுசிடுப்பு அதிகமானால், அடுத்த இரண்டு நாள் சாப்பாட்டை நினைத்துத்தான் பெரும்பாலும். பல பள்ளிகளில் வார இறுதிக்கு உணவுப் பை கொடுக்கும் ஏற்பாடு இருக்கிறது. சில பள்ளிகளில் சலவை இயந்திரம்கூட உண்டு. உங்கள் பள்ளியில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பீர்கள். ஏழைப் பிள்ளைகளுக்கான டைட்டில் ஒன் நிதியில் வீடில்லாத மாணவர்களுக்கென்று மாவட்டம் ஒரு பகுதியை ஒதுக்க வேண்டும். உடை, எழுதுபொருள், கண்ணாடி, பிறப்புச் சான்றிதழ்க் கட்டணம், தனிப்பயிற்சி, தேர்வுக் கட்டணம் போன்றவற்றுக்கு அதைப் பயன்படுத்தலாம். வாடகை கட்ட முடியாது. அதற்கு 211 என்ற எண்ணில் உள்ளூர் உதவி அமைப்புகளைக் கேட்கச் சொல்லலாம். மெக்கின்னி-வென்டோவுக்கென்று தனி மானியமும் உண்டு, ஆனால் பெரும்பாலான மாவட்டங்களுக்கு அது கிடைப்பதில்லை. பெருந்தொற்றின்போது 2021-இல் ஒரே தடவையாக 80 கோடி டாலர் வந்தது, அந்தக் காலமும் முடிந்துவிட்டது.

ஊர்க்காரர்கள் உதவ முன்வருவார்கள். பை, நோட்டு, குளிர்கால மேலங்கி திரட்டுவதெல்லாம் நல்லதுதான். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக் கொடுத்துப் படம் எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுகிற வழக்கம் மட்டும் இங்கே அறவே வேண்டாம். திரட்டியதை லயசானிடம் கொடுத்துவிட்டு வந்துவிடுங்கள், யாருக்குப் போகிறது என்று கேட்காதீர்கள். மளிகைக் கடை, பெட்ரோல் நிலைய அட்டைகள் பல நேரங்களில் பையைவிடப் பயனுள்ளவை. ஆகஸ்டில் பை குவிந்துவிடும், பிப்ரவரியில் காலணி கேட்டால் இருக்காது.

பெற்றோர் உடன் இல்லாத பிள்ளைகள்

வீட்டில் சண்டையிட்டோ, துரத்தப்பட்டோ, பெற்றோர் சிறையிலோ வேறு ஊரிலோ இருப்பதாலோ, நண்பர்கள் வீட்டுச் சோஃபாக்களில் மாறி மாறித் தூங்கும் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் உண்டு. பெற்றோரின் பொறுப்பில் இல்லாமல், நிலையான இடமும் இல்லாமல் இருந்தால் அவர்களுக்குச் சட்டத்தில் தனி இடம் உண்டு. தங்கள் கையெழுத்திலேயே பள்ளியில் சேரலாம். எந்தப் பள்ளி என்பதில் அவர்கள் விருப்பத்துக்குத்தான் முன்னுரிமை. வாகனம், மேல்முறையீடு இவற்றில் லயசான் அவர்களுக்குத் துணை நிற்க வேண்டும். 'பெற்றோர் கையெழுத்து' என்று கட்டம் போட்ட படிவம் ஒவ்வொன்றும் அவர்களுக்கு ஒரு சுவர். சுற்றுலா அனுமதி, விளையாட்டு அணி, மருத்துவ ஒப்புதல் என்று எங்கெல்லாம் அந்தக் கட்டம் வருகிறது என்று முன்கூட்டியே பார்த்து லயசானிடம் கேட்டு வையுங்கள்.

பல பள்ளி மாறியவர்களுக்கு மதிப்பெண் கணக்கு சிதறிக் கிடக்கும். நடுவில் விட்டுவந்த பாடத்துக்கும், படித்த அளவுக்குப் பகுதி மதிப்பெண் (கிரெடிட்) கொடுக்க மாவட்டத்தில் வழி இருக்க வேண்டும் என்கிறது 2015-இன் திருத்தம். ஆலோசகரை உட்காரவைத்துப் பழைய பள்ளி ஒவ்வொன்றிலும் எத்தனை வாரம் படித்தார் என்று எழுதி எடுக்கச் சொல்லுங்கள். அலுப்பான வேலைதான். அதைச் செய்யாமல் விட்டால் அந்த மாணவர் படித்த பாடத்தையே திரும்பப் படித்து, சலித்து, நின்றுவிடுவார். சிகாகோ பல்கலைக்கழகத்தின் சேப்பின் ஹால் மையம் 2017-இல் வெளியிட்ட ஆய்வில், உயர்நிலைப் பள்ளி முடிக்காத இளைஞர்கள் வீடில்லாமல் போகும் வாய்ப்பு முடித்தவர்களைவிட சுமார் 4.5 மடங்கு என்று வந்தது.

கல்லூரி நிதியுதவிக்கான ஃபாஃப்சா படிவத்தில் பெற்றோர் வருமானம் கேட்பார்கள். பெற்றோர் உடன் இல்லாமல் வீடில்லாத நிலையில் இருக்கும் மாணவர், அவர்கள் விவரம் இல்லாமலே தனித்து விண்ணப்பிக்கலாம். அதற்கு லயசான் அந்த நிலையை உறுதி செய்து ஒரு கடிதம் தருவார். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களின் பட்டியலை அக்டோபரிலேயே அவரிடம் கொடுத்துவிடுங்கள், கடிதம் பட்டமளிப்புக்கு முன் மாணவர் கையில் இருக்க வேண்டும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றைப் படமாகவும் அவர் மின்னஞ்சலுக்கு அனுப்புங்கள். பள்ளி கொடுத்த மின்னஞ்சல் முகவரிக்கு அனுப்பாதீர்கள், ஜூன் முடிந்ததும் அதை மூடிவிடுவார்கள்.